கவர்மென்ட் பள்ளியில் சேரப் பரீட்சையா?

மார்ச் மாதத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணி. ஆவின் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். நியூயார்க்கிலிருந்து தங்கச்சியின் வீடியோ கால். அங்கே இரவு ஒன்பது. தங்கச்சியைத் தள்ளிவிட்டு அவள் மகள் திரைக்கு முன்னால் வந்தாள். “மாமா! ஸ்டைவசன்ட் ஹை ஸ்கூல் கிடைச்சிடுச்சு!” என்று ஒரே கத்தல். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் போனை நீட்டினேன். பேத்தி ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். போன் வைத்த பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னாடா, அது கவர்மென்ட் இஸ்கூலா?”

“ஆமாம்மா.”

“கவர்மென்ட் இஸ்கூல்ல சேர்றதுக்கா அந்தப் பொண்ணு ரெண்டு வருசமா ராத்திரி பகலா படிச்சுகினு இருந்துது? இங்க நீங்க டீச்சருங்க வூடு வூடாப் போயி புள்ளைங்கள சேருங்கன்னு கெஞ்சிகினு கீறீங்க.”

அம்மா சொன்னது பொய்யில்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். ஏப்ரல், மே வந்தால் நாங்கள் பேனர் பிடித்துத் தெருத்தெருவாகப் போகிறோம். புத்தகம் இலவசம், சீருடை இலவசம், பஸ் பாஸ் இலவசம் என்று நோட்டீஸ் கொடுக்கிறோம். எங்கள் ஊரில் அரசுப் பள்ளி என்றால் யாரையும் வேண்டாம் என்று சொல்லாத பள்ளி. பேரும் பிறந்த தேதியும் சொன்னால் போதும். அந்தப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு, அரசே நடத்துகிற, ஒரு பைசா கட்டணம் வாங்காத பள்ளியில் சேர ஆறேழு பேருக்கு ஒருவர் என்ற போட்டி என்றால் குழப்பமாகத்தான் இருக்கும். அம்மாவுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெங்களூரு ஹைவேயில் வேலூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் “பப்ளிக் ஸ்கூல்” என்று போர்டு போட்ட கட்டடங்கள் தெரியும். அவையெல்லாம் தனியார் பள்ளிகள். கட்டணம் லட்சத்தில் பேசுவார்கள். இந்தப் பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஈட்டன் மாதிரியான பெரும் பணக்காரப் பள்ளிகளைத்தான் பப்ளிக் ஸ்கூல் என்பார்கள். அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். அங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் வரிப்பணத்தில் நடக்கிற, கட்டணமில்லாத பள்ளி. நம் பாஷையில் கவர்மென்ட் இஸ்கூல். ஹை ஸ்கூல் என்பது அங்கே 9 முதல் 12ஆம் வகுப்பு வரை.

அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதிப் பள்ளியில் பிள்ளை சேரும். அதனால்தான் அங்கே போகிற நம் ஆட்கள் வீடு பார்க்கும்போதே “ஸ்கூல் எப்படி” என்று விசாரிக்கிறார்கள். இந்த வழக்கத்துக்கு விலக்காகச் சில அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. முகவரி எந்தத் தெருவாக இருந்தாலும் பரவாயில்லை, படிப்பில் உன்னை அளந்து பார்த்துத்தான் எடுப்போம் என்பவை. இவற்றுக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. “பொறுக்கி எடுக்கும் பள்ளி” என்பதுதான் பொருளுக்குச் சரி. ஆனால் பொறுக்கி என்ற சொல்லை எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துச் சொன்னால் அடி விழும். அதனால் இந்தக் கட்டுரைக்கு மட்டும் தெரிவுப் பள்ளி என்று வைத்துக்கொள்கிறேன்.

நியூயார்க் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே இப்படி ஒன்பது பள்ளிகள். அதில் லகார்டியா என்பது இசை, நடனம், ஓவியத்துக்கானது. ஆடிக் காட்டி, பாடிக் காட்டிச் சேரவேண்டும். மற்ற எட்டுக்கும் ஒரே ஒரு பரீட்சை. எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்று பெயர். ஸ்டைவசன்ட் 1904-லும், புரூக்ளின் டெக் 1922-லும், பிராங்க்ஸ் சயின்ஸ் 1938-லும் தொடங்கியவை. இந்த மூன்றிலும் பரீட்சை மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது என்று 1971-ல் நியூயார்க் மாநிலச் சட்டமே வந்தது. ஆகவே பள்ளியில் வாங்கிய மார்க், ஹெட்மாஸ்டர் கடிதம், நேர்காணல், அப்பா யார், மாமா யார் எதுவும் செல்லாது. சிபாரிசுக்குக் கதவே கிடையாது. எங்கள் ஊரில் சிலருக்கு இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

எழுதத் தகுதி இரண்டுதான். நியூயார்க் நகரத்தில் குடியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் படிக்க வேண்டும். ஒன்பதில் இருப்பவர்களும் எழுதலாம், ஆனால் பத்தில் சேர்வதற்குக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. தேர்வுக் கட்டணம் இல்லை. பரீட்சை இலையுதிர் காலத்தில், முடிவு மார்ச்சில். ஆங்கிலத்தில் 57 கேள்வி, கணக்கில் 57 கேள்வி, மொத்தம் மூன்று மணி நேரம் என்பதுதான் சில ஆண்டுகளாக இருந்த வடிவம். 2025-லிருந்து காகிதம் போய்க் கணினி வந்துவிட்டது. தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை.

114 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். இதைச் சும்மா படித்தால் பெரிதாகத் தெரியாது. தங்கச்சி மகள் இரண்டு வருடமாக எனக்கு வாட்ஸ்அப்பில் கணக்குப் போட்டோ அனுப்புவாள். அந்த ரகத்தில் நானே ஒன்று எழுதி, என் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் போட்டேன். “ஒரு பையில் சிவப்புக் கோலிகளும் நீலக் கோலிகளும் 3:5 என்ற விகிதத்தில் இருக்கின்றன. இன்னும் 6 சிவப்புக் கோலிகளைப் போட்டால் இரண்டும் சமமாகிவிடும். முதலில் பையில் மொத்தம் எத்தனை கோலிகள்?”

விகிதம் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். 3 பங்குக்கும் 5 பங்குக்கும் வித்தியாசம் 2 பங்கு. அதுதான் 6 கோலி. அப்படியானால் ஒரு பங்கு 3, மொத்தம் 8 பங்கு, 24 கோலி. வகுப்பில் பாதிப் பேர் விடைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், ‘எக்ஸ்’ என்று வைத்து, சமன்பாடு எழுதி, அடிக்கோடு போட்டு, “விடை” என்று தலைப்பிட்டு முடிக்க ஆறு நிமிடம் ஆனது. அவன் விடையும் சரி, வழியும் சரி. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவனுக்கு முழு மார்க். அந்த ஊர்ப் பரீட்சையில் அதே ஆறு நிமிடத்தில் பக்கத்து மேஜைப் பெண் நான்கு கேள்வியைத் தாண்டியிருப்பாள். இந்த மாதிரிப் பரீட்சை அளப்பது அறிவோடு சேர்த்து வேகத்தையும் பழக்கத்தையும்தான். பழக்கம் என்றால் கோச்சிங். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடம் ஒதுக்குகிற முறை நமக்குப் புதிதே இல்லை. அண்ணா பல்கலைக்கழக இன்ஜினியரிங் கவுன்சிலிங் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் புரியும்: ரேங்க் வரிசையில் கூப்பிடுகிறார்கள், உன் சாய்ஸில் மேலே இருப்பதில் இடம் காலியிருந்தால் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் எட்டுப் பள்ளிகளையும் தங்கள் விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கிறார்கள். அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு முதல் விருப்பம் அப்படியே கிடைக்கும். அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை என்று இறங்கிக்கொண்டே வரும். ஸ்டைவசன்ட் நிரம்பிவிட்டால், அதன் பிறகு வருகிற பிள்ளைக்கு அவள் பட்டியலில் இரண்டாவதாக எழுதிய பள்ளியைப் பார்ப்பார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, கட்-ஆஃப் என்பது யாரும் முன்கூட்டி வைக்கிற எல்லை இல்லை. கடைசி இடத்தைப் பிடித்த பிள்ளையின் மதிப்பெண்தான் அந்த வருடத்துக் கட்-ஆஃப். ஸ்டைவசன்ட்டுக்கு அண்மை ஆண்டுகளில் அது 800-க்கு 560-ஐ ஒட்டி நிற்கிறது. இன்னொன்று, “நமக்கு எங்க கெடைக்கப் போவுது” என்று பயந்து பிடித்த பள்ளியைப் பட்டியலில் கீழே தள்ளினால் நஷ்டம் நமக்குத்தான். மேலே எழுதியதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. தங்கச்சி வீட்டுக்காரர் இதில்தான் தடுமாறினார். பிராங்க்ஸ் சயின்ஸை முதலில் போட்டால் “சேஃப்” என்று ஒரு வாரம் வாதாடினார். பெண்ணே அவருக்குப் பேப்பரில் படம் போட்டு விளக்கினாளாம்.

ஒவ்வொரு வருடமும் 26,000 பேரை ஒட்டி எழுதுகிறார்கள். 4,000 பேரைச் சுற்றி இடம் கிடைக்கிறது. நம் கவுன்சிலிங்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நம்மிடம் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அங்கே எந்த ஒதுக்கீடும் கிடையாது. கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கோடைகால வகுப்பு வைத்துச் சேர்த்துக்கொள்ளும் டிஸ்கவரி என்ற திட்டம் மட்டும் இருக்கிறது.

விளைவு என்ன? 2019-ல் ஸ்டைவசன்ட்டில் 895 பேருக்கு இடம் கொடுத்தார்கள். அதில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர். நகரத்து அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு என்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஏழின் கனம் தெரியும். இடம் பிடிப்பவர்களில் பாதிக்கு மேல் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள். இவர்களில் பலர் பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். உணவகத்தில் வேலை பார்க்கிற சீனக் குடும்பங்களும் டாக்சி ஓட்டுகிற வங்காளதேசத்துக் குடும்பங்களும் சாப்பாட்டுச் செலவைச் சுருக்கி டியூஷனுக்குக் கட்டுகிறார்கள். “பரீட்சை ஒன்றுதான் எங்களுக்குத் திறந்திருக்கிற கதவு, அதையும் எடுக்காதீர்கள்” என்பது அவர்கள் வாதம். “கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தானே அது கதவு” என்பது எதிர்வாதம். இரண்டையும் நான் எங்கள் ஸ்டாஃப் ரூமில் வேறு பெயரில், நீட் என்ற பெயரில், வருடம் முழுக்கக் கேட்கிறேன்.

இந்தச் சண்டையால் மற்ற ஊர்களில் அளவுகோலே மாறிக்கொண்டிருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் ஜெபர்சன் என்ற புகழ்பெற்ற அறிவியல் பள்ளி 2020-ல் நுழைவுத் தேர்வைக் கைவிட்டது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் எட்டாம் வகுப்பில் மேலே நிற்கும் 1.5 சதவீதப் பிள்ளைகளுக்கு என்று இடம் வைத்தார்கள். வழக்கு நடந்தது, 2024-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. பாஸ்டன் லத்தீன் பள்ளி 1635-ல் தொடங்கியது, அந்த நாட்டிலேயே பழைய அரசுப் பள்ளி. அங்கே 2021-லிருந்து பிள்ளை வசிக்கிற பகுதியின் வசதியை வைத்து அடுக்கு பிரித்து, அந்தந்த அடுக்குக்குள் போட்டி. சிகாகோவும் நகரத்தை நான்கு அடுக்காகப் பிரித்துப் பெரும்பகுதி இடங்களை இப்படியே நிரப்புகிறது. சான் பிரான்சிஸ்கோவில் லோவெல் பள்ளி மார்க்கை விட்டுவிட்டுக் குலுக்கலுக்குப் போய், இரண்டே வருடத்தில் திரும்பவும் மார்க்குக்கே வந்தது. ஆக, தெரிவுப் பள்ளி என்றதும் நுழைவுத் தேர்வு மட்டும்தான் என்று நினைக்கத் தேவையில்லை. எதை வைத்து அளக்கிறார்கள், யாரோடு யாரை ஒப்பிடுகிறார்கள் என்ற இரண்டு கேள்வியைக் கேட்டால் எந்த ஊர் முறையும் பிடிபட்டுவிடும்.

சிட்னியில் உறவு இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நியூ சவுத் வேல்ஸில் ஆறாம் வகுப்பிலேயே தேர்வு, ஏழில் சேர்க்கை. வாசிப்பு, கணக்கு, சிந்தனைத் திறன், எழுத்து என்று நான்கு தாள். ஐந்தில் ஒரு பங்கு இடம் வரை வசதி குறைந்த, எட்டாத் தொலைவில் இருக்கிற பிள்ளைகளுக்கு. இங்கிலாந்தில் 163 கிராமர் பள்ளிகள் மிச்சம் இருக்கின்றன. புதிதாகத் தொடங்கக் கூடாது என்று 1998-லேயே சட்டம். இலங்கைத் தமிழர்களுக்கு, பெரிய பள்ளிகளில் இடம் வாங்கித் தருகிற ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்றால் போதும், பத்து வயதுப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்துவிடும்.

சரி, நம் பக்கம் வருவோம். அம்மா சொன்னதுபோல் இங்கே தெரிவுப் பள்ளியே இல்லையா? இருக்கிறது, வேறு வேறு உருவத்தில்.

நவோதயா பள்ளி பற்றி வருடா வருடம் பெற்றோர் கேட்கிறார்கள். மத்திய அரசின் உண்டு உறைவிடப் பள்ளி. 1986 தேசியக் கல்விக் கொள்கையில் வந்தது. படிப்பும் விடுதியும் இலவசம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரீட்சை வைத்து ஆறில் சேர்ப்பார்கள். 80 கேள்வி, 100 மார்க், இரண்டு மணி நேரம். குறைந்தது 75 சதவீத இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு. என் கணக்கில், தெரிவுப் பள்ளி என்பதற்கு உலகத்தில் இருக்கிற நல்ல வடிவங்களில் ஒன்று. ஆனால் மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாட்டில் மட்டும் அது கிடையாது. காட்பாடியைத் தாண்டிக் கொஞ்சம் போனால் ஆந்திரா. “சித்தூர்ல என் நாத்தனார் வூட்டு அட்ரஸ் குடுத்து எழுத வெக்கலாமா சார்?” என்று ஒரு அம்மா கேட்டார். முடியாது. எந்த மாவட்டத்து நவோதயாவோ அதே மாவட்டத்தில் பிள்ளை ஐந்தாம் வகுப்பு படித்திருக்க வேண்டும். அட்ரஸ் ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சைனிக் பள்ளி எங்கள் பக்கத்துக்கு நெருக்கமான விஷயம். கணியம்பாடிக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊர் என்று பெயரெடுத்தது, ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டு சைனிக் பள்ளி 1962-ல் உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் தொடங்கியது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அகில இந்தியத் தேர்வு; ஆறாம் வகுப்புக்கு உரிய தாளைத் தமிழிலும் எழுதலாம். முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டு. ஆனால் கட்டணமும் உண்டு, அதுவும் லேசில்லை. அதனால் இதை முழு இலவசத் தெரிவுப் பள்ளி என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, தமிழ்நாடு அரசின் மாதிரிப் பள்ளிகள். 2021-22 வாக்கில் சில மாவட்டங்களில் தொடங்கி இப்போது 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டன. அரசுப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளிலிருந்தே நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, 9 முதல் 12 வரை படிக்கவைத்து, ஐ.ஐ.டி., சட்டப் பல்கலைக்கழகம், மருத்துவம் என்று அனுப்புகிறார்கள். தெரு ஓரத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவர் மகள் ஐ.ஐ.டி. போனாள் என்ற செய்தி வந்தால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் கைதட்டுகிறோம். கைதட்டிவிட்டு, அடுத்த நிமிடம் சண்டையும் போடுகிறோம்.

சண்டை எதற்கு என்று சொல்லத்தான் கத்தரிக்காய் வேண்டும்.

எங்கள் ஊர் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. லாங்கு பஜாரில் அம்மா அதை வாங்குகிற அழகே தனி. காம்பில் முள் குத்துகிறதா என்று பார்ப்பார், குத்தினால் புதுசு. தோலை லேசாக அழுத்திப் பார்ப்பார். கடைக்காரம்மா “பொறுக்காத ஆயா, அள்ளிக்கினு போ” என்று கத்துவார். அம்மா காதில் வாங்காமல் ஒரு கிலோ பொறுக்கிக்கொண்டு வந்து எண்ணெய்க் கத்தரிக்காய் வைப்பார். சாப்பிட்டவர்கள் பாராட்டினால், “எல்லாம் கைப்பக்குவம்” என்பார். பொறுக்கியதைப் பற்றிப் பேச்சே வராது.

தெரிவுப் பள்ளிகளின் புகழில் பாதி இப்படித்தான். பிராங்க்ஸ் சயின்ஸில் படித்தவர்களில் 9 பேர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். இயற்பியலில் மட்டும் 7 பேர். பல நாடுகள் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. அது பள்ளியின் கைப்பக்குவமா, பொறுக்கிய கையா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அம்மாவின் கூடையில் கடைசியாக விழுந்த கத்தரிக்காயையும், நூலிழையில் தப்பிக் குவியலிலேயே தங்கிவிட்ட கத்தரிக்காயையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அநேகமாக வித்தியாசமே இல்லை. ஒன்றை அம்மா சமைக்கட்டும், இன்னொன்றை வேறு யாராவது சமைக்கட்டும். ருசி எவ்வளவு மாறுகிறது?

பொருளாதார அறிஞர்கள் மூவர் இதையே பாஸ்டன், நியூயார்க் பள்ளிகளில் செய்து பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜோஷுவா ஆங்ரிஸ்ட். 2021-ல் நோபல் வாங்கியவர். கட்-ஆஃபுக்கு ஒரு மயிரிழை மேலே இருந்து உள்ளே போன பிள்ளைகளையும், ஒரு மயிரிழை கீழே இருந்து வெளியே நின்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். பிறகு எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதாவது அந்த எல்லைக்கோட்டில் நிற்கிற பிள்ளைக்கு, இடம் கிடைக்காமல் போனதால் மதிப்பெண்ணில் பெரிய நஷ்டம் இல்லை. இது எல்லைக்கோட்டுப் பிள்ளைகளைப் பற்றிய முடிவு மட்டும்தான். முதல் ரேங்க் பிள்ளைக்கு அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பதை இது சொல்லாது. நல்ல ஆய்வகம், போட்டி போட்டுப் படிக்கிற சிநேகிதர்கள், இவற்றின் மதிப்பை மார்க்கில் அளக்க முடியுமா என்பதும் தனிக் கேள்வி. ஆனாலும் இரண்டு மார்க்கில் இடம் போய்விட்டது என்று சாப்பிடாமல் கிடக்கிற பிள்ளைக்கும், அதைவிட மோசமாகக் கிடக்கிற பெற்றோருக்கும் இந்த ஆய்வைச் சொல்லுங்கள்.

எங்கள் ஸ்டாஃப் ரூம் சண்டை கூடையைப் பற்றியது இல்லை, குவியலைப் பற்றியது. சென்ற முறை என் வகுப்பிலிருந்து ஒரு பெண் மாதிரிப் பள்ளிக்குத் தேர்வானாள். அவளை நானேதான் தயார் செய்தேன்; அவள் அப்பா செங்கல் சூளையில் வேலை, விடுதிக்கு அனுப்பத் தயங்கியவரிடம் மூன்று தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவள் போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. நான் நடத்துகிற கணக்கை மூன்றாவது பெஞ்சும் நான்காவது பெஞ்சும் அவளிடமிருந்துதான் புரிந்துகொண்டிருந்தார்கள். என்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், இன்டர்வெல்லில் அவளிடம் நோட்டை நீட்டுவார்கள். வெடுக்கென்று பேசுவாள், ஆனால் சொல்லித் தருவாள். இப்போது அந்த இரண்டு பெஞ்சும் “புரிஞ்சுது சார்” என்கிறார்கள். விடைத்தாளில் புரியவில்லை என்று தெரிகிறது. நியூயார்க்கில் 4,000 பேரை எடுக்கும்போது மீதி 22,000 பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்புகளில் என்ன ஆகிறது என்று எந்தப் புகழ்பாட்டிலும் வராது. அதற்காக அந்தப் பெண்ணை அனுப்பாமல் இருந்திருப்பேனா என்றால், இருக்க மாட்டேன். இந்த வருடமும் இரண்டு பேரைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

பிள்ளையை எதற்காவது எழுதவைக்க வேண்டும் என்று நினைக்கிற எங்கள் மாவட்டத்துப் பெற்றோருக்கு ஒன்று. பள்ளி மாறாமலேயே பலன் தருகிற தேர்வுகள் இருக்கின்றன, அவற்றைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு: குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கிற அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, டிரஸ்ட் என்பார்கள். மாவட்டத்துக்கு 50 பையன், 50 பெண். தொகை சின்னது, வருடம் ஆயிரம்தான்; ஆனால் நேரக் கணக்கோடு பரீட்சை எழுதிப் பழகுகிற இன்னொரு வாய்ப்பு அது. வருமானச் சான்றிதழை மட்டும் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். கேள்வியில் கோட்டைவிட்ட பிள்ளைகளைவிடச் சான்றிதழில் கோட்டைவிட்ட பிள்ளைகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இவ்வளவும் சொல்லி முடிக்கச் சில நாள் ஆனது. பரீட்சை, கட்-ஆஃப் எல்லாம் கேட்டுக்கொண்டார். கத்தரிக்காய்க் கதைக்கு மட்டும் கோபம். “நல்லதா பாத்து எடுக்கத் தெரியறதும் கைப்பக்குவந்தான்டா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அது கவர்மென்ட் இஸ்கூல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேத்தியிடமே விசாரித்தார்.

“எவ்ளோ பீசு கண்ணு?”

“பீஸ் இல்ல ஆயா. ஃப்ரீ.”

“தூரமாமே. பஸ்ஸுக்கு?”

“ட்ரெயின்ல போவேன். ஸ்கூல்லயே கார்டு குடுப்பாங்க, அதுவும் ஃப்ரீ.”

“மத்தியானம் சோறு?”

நியூயார்க் அரசுப் பள்ளிகளில் 2017-லிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். பேத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு, “போடுவாங்க ஆயா, ஆனா நல்லாவே இருக்காது” என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “கவர்மென்ட் இஸ்கூல்தான்டா.”